எத்தனை பேருக்கென்று எழுது

ராயபுரம்,
ஜூன் 5

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் இறங்கவில்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள், காசிமேட்டில் விசைப்படகெல்லாம் கட்டியே கிடக்கிறது. ஃபைபர் படகில் வருகிற நெத்திலியும் சங்கராவும்தான், அதுவும் யானை விலை குதிரை விலை.

நீ கேட்காமலே ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். மேலே கூழ் வடகம் இருக்கும். மாடியில் அப்பாவின் பழைய வேட்டியில் ஊற்றியது. காய்ந்ததும் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தேன், ஒன்றுகூட உடையவில்லை. அதற்குக் கீழே துண்டில் சுற்றி 'சமைத்துப் பார்' இருக்கிறது. அதே புத்தகம்தான்.

மூர் மார்க்கெட் எரிந்தது 1985இல். அதற்கு முந்தின வருஷம், கல்யாணமான புதிதில், அப்பா அங்கே பழைய புத்தகக் கடையில் வாங்கிக் கொடுத்தது. இப்போது எத்தனையோ சமையல் புத்தகம் வருகிறது, வழுவழுவென்று படம் போட்டு. எனக்கு இதுதான். மீனாட்சி அம்மாள் 1951இல் முதல் பாகத்தைப் போட்டார்கள். சின்ன வயதிலேயே கணவரை இழந்து, பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர்கள். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அளவெல்லாம் ஆழாக்குக் கணக்கு. 8 ஆழாக்கு ஒரு படி. உன்னிடம் இருக்காது என்று நம் வீட்டு ஆழாக்கையும் உள்ளே வைத்திருக்கிறேன். புத்தகத்தில் மீன் கிடையாது, முழுக்க சைவம். மீனுக்குக் கடைசிக் காலிப் பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது. நெத்திலிக்கு மாங்காய் போட்டால் புளியைப் பாதியாகக் குறை. குழம்பு நன்றாகக் கொதித்த பிறகு மாங்காய், அது பாதி வெந்ததும் நெத்திலி. அப்புறம் கரண்டி போடாதே, சட்டியைப் பிடித்துச் சுழற்று. அது அரைக் கிலோவுக்கு எழுதியது. நீ எத்தனை பேருக்குச் சமைக்கிறாய் என்று எழுதினால் அதற்குத் தகுந்த அளவை எழுதி அனுப்புவேன்.

மூன்று மாதமாக போனில் ஒரு குக்கர் விசில்கூடக் கேட்கவில்லை. கேட்டால் 'வெளியே வாங்கிக்கிட்டோம்' என்பாய். போன வாரம் 'வாங்கிக்கிட்டேன்' என்றாய். மாப்பிள்ளையிடம் போனைக் கொடு என்றால் ஆபீஸ் என்கிறாய், ஞாயிற்றுக்கிழமையிலும். நான் ஒன்றும் கேட்கவில்லை. வெளிச்சாப்பாடு உடம்புக்கு ஆகாது, அவ்வளவுதான். புனேயில் இருபது பேரை வேலை வாங்குகிறாள் என் பெண் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறார். அந்தப் பெண்ணுக்கு ஒரு ரசம் வைக்க நேரமில்லையா?

'எனக்குச் சமையல் வராதும்மா' என்றாயே, அது பொய். வரவிடாமல் பண்ணியது நான்.

நீ பிளஸ் ஒன் லீவில் இருந்தபோது ஹார்பரிலிருந்து அப்பாவோடு ஆறு பேர் சாப்பிட வந்தார்கள். நீ இந்தப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மோர்க்குழம்பு வைத்தாய். அத்தனை பேர் முன்னால், 'புத்தகத்தைப் பார்த்துச் சமைக்கிறவள் குடும்பம் நடத்தின மாதிரிதான்' என்றேன். நீ ஒன்றும் பேசாமல் மூடி வைத்தாய். அதோடு விருந்தாளி வந்தால் அடுப்பங்கரைப் பக்கமே வரவில்லை.

அந்த வார்த்தை உன் ஆயா என்னைச் சொன்னது. ஆயா கண்ணில் படக் கூடாது என்று புத்தகத்தை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். விருந்து என்றால் முந்தின ராத்திரி, எல்லாரும் தூங்கின பிறகு, எடுத்துப் படித்து மனப்பாடம் பண்ணிவிட்டுத்தான் படுப்பேன். காலையில் கை அளவு, கண் அளவு என்று பெருமை பேசுவேன். உன் மோர்க்குழம்பை அந்த ஆறு பேரும் இரண்டாம் தடவை கேட்டு ஊற்றிக்கொண்டார்கள். இன்றுவரை உன்னிடம் சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை பாப்பா, அதுதான் நிஜம்.

அந்தப் பக்கத்தில் ஓரமாக மஞ்சள் கறை இருக்கும், பார். உன் கட்டைவிரல்.

எத்தனை பேருக்கென்று மட்டும் எழுது. ஒரு ஆளுக்கு என்றாலும் எழுது, அதற்கும் அளவு இருக்கிறது. 14ஆம் தேதி ராத்திரியோடு தடை முடிகிறது, அப்புறம் வஞ்சிரம் வர ஆரம்பித்துவிடும். லீவு கிடைத்தால் வந்துவிட்டுப் போ, டிக்கெட் அப்பா போட்டுத் தருவார். வெளிச்சாப்பாடு வேண்டாம்.

அம்மா