படிச்சுக் காட்டச் சொல்லாதே கண்ணு

குடியாத்தம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. தறியில் உட்காராதீங்க என்றால் கேட்பதில்லை. உன் அண்ணன் விஷயம் ஒரு வழியாக முடிந்தது, நேரில் சொல்கிறேன்.

போனில் சொல்ல வேண்டியதை எதற்குக் கடிதத்தில் எழுதுகிறாய் என்பாய். போனில் பேசும்போது பையன் பக்கத்திலேயே இருக்கிறான்.

பேங்க் வேலை முடிந்து புனே டிராஃபிக்கில் வீட்டுக்கு வந்து, சமைத்து, அதற்கு மேல் அவனை உட்காரவைத்துத் தமிழ் சொல்லித் தருகிறாய். பள்ளிக்கூடத்தில் மராத்தி, இந்தி, இங்கிலீஷ் என்று மூன்று இருக்கும்போது இதை உன்னிடம் யாரும் கேட்கவில்லை. நீயாக இழுத்துப் போட்டுக்கொண்டாய். எதிர்வீட்டு அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். ஆனால் அந்த ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிற அட்டவணை எதற்கு கண்ணு? தினம் இத்தனை பக்கம், தப்புக்குச் சிவப்பு மை. உனக்கு யார் அப்படி அட்டவணை போட்டது?

நீ படித்தது பழைய பஸ் ஸ்டாண்டில். வேலூர், காட்பாடி, பேரணாம்பட்டு என்று ஒவ்வொரு போர்டாகக் கத்துவாய். தப்பாகக் கத்தினாலும் கண்டக்டர் சிரிப்பார், அவ்வளவுதான். பஸ் கிளம்பிவிடும், அடுத்த போர்டு வந்து நிற்கும்.

பேரணாம்பட்டு என்பதையே எழுதிப் பார். வாயில் முதலில் வருவது ப், அப்புறம்தான் ஏ. எழுத்திலோ இரட்டைக்கொம்பு முன்னால் நிற்கிறது. பள்ளிகொண்டாவில் 'க'வுக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால். உயிர்மெய் 216இல் சரிபாதி, 108 எழுத்து, இப்படிக் கொம்போ இணைக்கொம்போ முன்னால் வைத்துத்தான் வருகிறது. கண் போகிற வரிசை ஒன்று, வாய் சொல்கிற வரிசை வேறு. அங்கே குழந்தை தயங்கினால் அது சோம்பேறித்தனம் இல்லை. கொஞ்ச நேரம் விடு. அவனே பிடித்துவிடுவான். பிடிக்காவிட்டால் அந்தச் சொல்லை நீ சொல்லிவிட்டு மேலே போ.

பால்வாடியில் இத்தனை வருஷம் இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரைக்கும் பிள்ளைகளை வைத்திருந்தவள் சொல்கிறேன். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். நமக்குச் சலித்துவிடும். நாம் ஒரு வரியை விட்டுவிட்டுப் போனால் ஒன்று எழுந்து நின்று, "டீச்சர், நரி இன்னும் தண்ணி குடிக்கலையே!" என்று அதட்டும். அந்த அதட்டல் வந்துவிட்டால் எனக்கு நிம்மதி, இது நாளைக்குப் புத்தகத்தைத் தேடி எடுக்கும். அதனால் படித்ததையே எடுக்கிறான் என்று அவனைக் கடிந்துகொள்ளாதே. படக்கதை வேண்டும் என்றால் படக்கதை கொடு.

இன்னொன்று. புத்தகத்தில் 'நரி உட்கார்ந்திருக்கிறது' என்று இருக்கும். அவன் காதில் விழுந்த தமிழோ 'நரி குந்தினு கீது'. முதலில் நம் பேச்சில் கதையைச் சொல், பிறகு வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே நீ படி. நீ படி கண்ணு, அவன் கேட்கட்டும். பத்து நிமிஷம் போதும். முடிந்ததும் கேள்வி கேட்காதே. இது என்ன எழுத்து, அது என்ன எழுத்து என்று கேட்காதே.

ஸ்டோரிவீவர் என்று ஒரு வெப்சைட் இருக்கிறதாம், பிரதம் புக்ஸ் நடத்துவது. தமிழில் படத்தோடு நிறைய கதை, காசு இல்லாமல், நான்கு நிலையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்துத் தெரு டீச்சர் காட்டினார், நன்றாக இருக்கிறது. அச்சு எடுத்துக் கையில் கொடு. எந்த நிலை என்கிற எண் அவன் கண்ணில் பட வேண்டாம். இங்கே வரும்போது நம் ஊர் நூலகத்துக்கு அழைத்துப் போகிறேன், வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியும் கட்டுகிறோமே, உரிமையோடு போகலாம்.

அவனுக்குக் கதை பிடிக்காது என்று மட்டும் சொல்லாதே. வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசு தெருவில் வந்தபோது அப்பா தோளில் உட்கார்ந்து தலை வெட்டுப்பட்ட ரேணுகா கதையைக் கேட்டுக்கொண்டே வந்தான். தலை உடம்போடு எப்படி ஒட்டும் என்று ராத்திரியெல்லாம் தூங்க விடவில்லை.

அந்தப் பிள்ளைதான் போன வாரம் வீடியோவில் அப்படி இருந்தான். "ஆயாவுக்குப் படிச்சுக் காட்டு" என்றாய். அவனும் படித்தான். 'கொக்கு' என்கிற இடத்தில் நின்றான். நீ பக்கத்தை அவனுக்குக் காட்டக் கையை நீட்டினாய். அதற்குள் அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தோளைத் தூக்கினான். நெட் போய்விட்டது என்று அப்புறம் மெசேஜ் போட்டாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளையிடமும் பேசவில்லை, அப்பாவுக்கும் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வருஷமாக நீயும் முன்னே மாதிரி இல்லை. அங்கே உனக்கு என்ன கஷ்டம் என்று தெரியாமல் நான் எந்தப் புத்தி சொல்லி என்ன?

தமிழ் ஒரு வருஷம் தள்ளிப் போனாலும் போகட்டும். அந்த அட்டவணையைக் கிழித்துப் போடு. தீபாவளிக்கு டிக்கெட் கிடைத்தால் காட்பாடிக்கு அப்பா வருவார்.

ஞாயிற்றுக்கிழமை போன் போடு. அவன் தூங்கின பிறகு போடு, எத்தனை மணியானாலும் எடுக்கிறேன். நீ பேச வேண்டும் எனக்கு.

இப்படிக்கு,
அம்மா