ஊர் பெரிதென்றால் வந்துவிடுவார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கூடைப்பந்து பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் எழுதும்போதெல்லாம், நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற பெரிய ஊர் அணிகளைத் தேடி நட்சத்திரங்கள் தாமாகவே வருவார்கள் என்பதுபோல் எழுதுகிறீர்கள். நான் தேவகோட்டையில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். குளிர்காலத்தில் அவர்களுடைய இரவு 7.30 மணி ஆட்டம் நமக்குக் காலை 6 மணி. நடைப்பயிற்சியை விட்டுவிட்டு அதைத்தான் பார்க்கிறேன் (என் சர்க்கரை டாக்டர் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்). நான் பார்த்தவரை கதை வேறு.

ஐபிஎல் ஏலத்தில் அதிகம் கேட்டவருக்கு ஆள். அங்கே அப்படி இல்லை. ஒப்பந்தம் முடிந்த ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணிக்குப் போவது என்று தானே முடிவு செய்கிறார். சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ஒரு நட்சத்திரத்துக்கு நியூயார்க் தரக்கூடிய உச்சத் தொகையைத்தான் ஓக்லஹோமா சிட்டி போன்ற சின்ன ஊர் அணியும் தரும். பழைய அணி ஐந்து ஆண்டு ஒப்பந்தம் தரலாம், புது அணியால் நான்குதான் முடியும். டெக்சஸ், புளோரிடாவில் மாநில வருமான வரியும் கிடையாது, கையில் கூடுதலாக நிற்கும்.

2019-ஐப் பாருங்கள். அந்தப் பருவத்தில் நியூயார்க்கின் நிக்ஸ் அணி 17 வெற்றி, 65 தோல்வி. தங்கள் நட்சத்திரம் போர்ஸிங்கிஸை டல்லாஸ் அணிக்கு அனுப்பி, அணியின் மொத்தச் சம்பள வரம்புக்குள் இரண்டு பெரிய சம்பளத்துக்கு இடம் காலி செய்து காத்திருந்தார்கள். பெரிய நட்சத்திரங்களான கெவின் டுராண்ட்டும் கைரி இர்விங்கும் நியூயார்க்குக்கே வந்தார்கள். ஆனால் சேர்ந்தது அதே ஊரின் இன்னொரு அணியான புரூக்ளின் நெட்ஸில்! சில நாளில் இன்னொரு நட்சத்திரம் கவாய் லெனார்டும் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்தார். அவர் சேர்ந்தது அந்த ஊரின் புகழ்பெற்ற லேக்கர்ஸில் அல்ல, அப்போது அதே அரங்கத்தில் ஆடிய கிளிப்பர்ஸில். ஊர் பிடித்திருந்தது, அணிதான் பிடிக்கவில்லை. இன்றைய இளம் வீரர்கள் நிக்ஸ் நன்றாக ஆடிப் பார்த்ததே இல்லை என்று டுராண்ட் பிறகு சொன்னார். நியாயம்தானே? 2001 முதல் 2019 வரை நிக்ஸ் ஜெயித்த பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிக்கட்ட) தொடர் ஒன்றே ஒன்று.

எங்கள் செட்டிநாட்டில் முகப்பில் எத்தனை பர்மா தேக்குத் தூண் என்று எண்ணிவிட்டு யாரும் பெண் கொடுப்பதில்லை. மாமியார் எப்படி, வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று நாலு பேரிடம் விசாரிப்பார்கள். 2015இல் லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜ் என்ற நட்சத்திரத்தை அழைத்த லேக்கர்ஸ், முதல் சந்திப்பில் ஆட்டத்தைவிட விளம்பர வாய்ப்புகளைப் பற்றியே அதிகம் பேசியதாக அப்போது செய்தி வந்தது. அவர் டெக்சஸின் சான் அன்டோனியோ அணிக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு அதே லேக்கர்ஸ், டிமோஃபி மோஸ்காவ் என்ற வீரருக்கு 6.4 கோடி டாலர், லூவால் டெங் என்ற வீரருக்கு 7.2 கோடி டாலர் என்று நான்காண்டு ஒப்பந்தங்களைக் கொட்டிக் கொடுத்தது. வர வேண்டியவர்கள் வராதபோது இருக்கிற காசு இப்படித்தான் கரையும்.

2018இல் சூப்பர் ஸ்டார் லெப்ரான் ஜேம்ஸ் லேக்கர்ஸுக்கு வந்தாரே என்பீர்கள். சரி, வந்தார். அவருக்கு அங்கே ஏற்கெனவே வீடு இருந்தது. ஆனால் 2020 கோப்பைக்குத் துணை நின்ற ஆன்டனி டேவிஸ் வந்தது ஃப்ரீ ஏஜென்டாக அல்ல, இன்னொரு அணியோடு செய்த ஆள் மாற்றத்தில்.

நிக்ஸுக்கு விடிந்தது 2022இல், ஜேலன் பிரன்சன் வந்தபோது. அன்று அவர் ஆல் ஸ்டார் (ஆண்டின் சிறந்த வீரர்கள் ஆடும் காட்சி ஆட்டத்துக்குத் தேர்வானவர்) கூட இல்லை. அவருடைய தந்தை அங்கே துணைப் பயிற்சியாளர். அணியில் ஒழுங்கு வந்ததும் 2024இல் அவரே ஏறக்குறைய 11 கோடி டாலரை விட்டுக்கொடுத்து, குறைந்த தொகைக்குக் கையெழுத்துப் போட்டார். 2025இல் நிக்ஸ் 25 ஆண்டுகளுக்குப் பிறகு கிழக்குப் பிரிவு இறுதிக்குப் போனது.

அடுத்த முறை ஒப்பந்தச் செய்தி போடும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல், பயிற்சியாளர் யார், உடன் ஆடப்போகிறவர்கள் யார், எத்தனை ஆண்டு ஒப்பந்தம் என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். என் பழைய மாணவர்கள் ஃபோனில் கேட்டால் பேப்பரைப் பார் என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தேவகோட்டை.