காமன் மீட்டருக்காக மெனக்கெட்டவர்களுக்கு நன்றி

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கு,

எங்கள் குடியிருப்பில் 8 வீடுகள், லிஃப்ட் கிடையாது. தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு, கேட் விளக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காமன் மீட்டர். அதன் கட்டணம் யூனிட்டுக்கு 8 ரூபாயாகி, அப்புறம் 2023 நவம்பரில் 5 ரூபாய் 50 காசுக்கு இறங்கியது உங்களுக்குத் தெரியும். அதற்காக மெனக்கெட்டவர்களுக்குச் சங்கத்தின் சார்பில் இந்த மடல்.

முதலில், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி சாருக்கு. 2022 ஜூலையில் மின்பகிர்மானக் கழகத்தின் கட்டண உயர்வு மனு, கட்டணத்தை முடிவுசெய்யும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போனபோது எல்லாரும் வீட்டு மீட்டரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருந்த அந்த மனுவைப் பொறுமையாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். "உங்க மோட்டாரை வீட்டுக் கட்டணத்துலேர்ந்து எடுத்துத் தனி வகையா ஆக்கப் போறாங்க, பார்த்தீங்களா?" என்று பக்கத்தைத் திறந்து காட்டினார். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 64 என்ன சொல்கிறது என்பதையும் அவரிடம்தான் கற்றோம். மனுவின் சுருக்கத்தை வெளியிட்டாக வேண்டும். பொதுமக்கள் தரும் ஆலோசனை, ஆட்சேபனை எல்லாவற்றையும் பரிசீலித்த பிறகே ஆணையம் ஆணை பிறப்பிக்க முடியும். வாட்ஸ்அப் குழுவில் நாம் திட்டித் தீர்த்ததற்கு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. எழுதிக் கொடுத்தால் அது கோப்பில் ஏறும்.

இரண்டாம் மாடி வக்கீல் தங்கைக்கு அடுத்த நன்றி. கோபமாக எழுதி வைத்திருந்த பக்கங்களைக் கிழித்துப் போடச் சொல்லிவிட்டு, ஒரே கேள்வியைச் சுற்றி எங்கள் ஆட்சேபனை மனுவை எழுதித் தந்தார்: நீச்சல் குளமும் ஜிம்மும் உள்ள அடுக்குமாடியும், மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் சின்னக் குடியிருப்பும் ஒரே வகையா? அதைத் தமிழில் டைப் அடித்து, பிரதிகள் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேப்பர் காசு மட்டும் வாங்கிக்கொண்ட ஜெராக்ஸ் கடைத் தம்பியையும் மறக்க முடியாது.

கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் அந்த ஆகஸ்டில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. சென்னையில் கலைவாணர் அரங்கம். கூட்டத்தைப் பார்த்ததும் நானே பின்வரிசைக்கு நகர்ந்தேன். தரைத்தள வீட்டு அம்மாதான் மைக்கைப் பிடித்து, "குடிக்கிற தண்ணியை மேலே ஏத்துறது என்ன வியாபாரமா சார்?" என்று கேட்டார். அம்மா, அந்தக் கேள்விக்காக எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

சரி, செப்டம்பரில் ஆணை வந்தது. 8 ரூபாய்தான். ஆனால் ஆட்சேபனைகள், அவற்றுக்கு மின்பகிர்மானக் கழகத்தின் பதில், ஆணையத்தின் கருத்து எல்லாம் அதில் அச்சாகியிருந்தன. தோற்றாலும் எதற்காகத் தோற்றோம் என்று படிக்க முடிந்தது. விலைவாசிக் குறியீட்டை வைத்து, 6 சதவீத உச்சவரம்புக்குள், ஆண்டுதோறும் ஜூலையில் கட்டணத்தை உயர்த்தவும் அதே ஆணையில் வழி செய்திருந்தார்கள். 2023 ஜூலையில் நம் காமன் மீட்டர் 8 ரூபாய் 15 காசுக்கு ஏறியது அப்படித்தான். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் பல வருட பில்லைத் தவறவிட்ட மாதிரி என்று சார் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

2023 அக்டோபரில் முதலமைச்சர் சலுகையை அறிவித்தார். 10 வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மேல் போகாமல், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு நவம்பர் 1 முதல் 5 ரூபாய் 50 காசு. 300 யூனிட் ஓடினால் நிலைக்கட்டணம் போக 2,445 ரூபாய் வந்த இடத்தில் 1,650. இது எங்களால் மட்டும் வந்தது என்று சொன்னால் பொய். மாநிலம் முழுக்கச் சங்கங்களும் நுகர்வோர் அமைப்புகளும் விடாமல் கேட்டதால் வந்தது. அவர்களுக்கும் நன்றி.

கடைசி நன்றியைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எங்களோடு கையெழுத்துப் போட்ட பக்கத்துக் குடியிருப்பில் லிஃப்ட் இருக்கிறது. அதனால் அவர்களுக்கு ஒரு காசும் குறையவில்லை. முழங்கால் வலிக்காரர்கள் ஏறி இறங்க வைத்த லிஃப்டை ஆடம்பரத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டது நியாயமில்லை என்பது என் கருத்து. அவர்களுக்காக எழுதும் மனுவில் எங்கள் 8 வீட்டுக் கையெழுத்தும் இருக்கும். பழைய மனுவின் நகல்களும் ஆணையின் அச்சுப் பிரதியும் சங்க அலமாரியில் இருக்கின்றன; வேண்டியவர்கள் ஞாயிறு காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்