தேஞ்ச கார்பன் பிரஷ்ஷுக்காக மிக்ஸியையே தூக்கிப் போடணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன மாசம் காலைல சட்னி அரைச்சிட்டு இருக்கும்போது எங்க மிக்ஸி அடியில பொறி பறந்து, கருகுன வாடை அடிச்சு நின்னு போச்சு. அடியில இருக்கிற சிவப்பு பட்டனை அமுக்கிப் பாத்தேன், ஓடல. கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு தூக்கிட்டுப் போனா அங்க இருந்த தம்பி தொறந்துகூட பாக்கலைங்க, பழைய மாடல் ஸ்பேர் வராது, எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்கோங்கன்னுட்டாரு.

எனக்கு மனசு கேக்கல. எங்க தெருமுனைல மோட்டாருக்கு காயில் கட்டுற அண்ணன்கிட்ட குடுத்தேன். நாலு ஸ்க்ரூவைக் கழட்டி அவரே காமிச்சாரு, மோட்டார்ல சுத்துற பாகத்துக்கு கரண்ட் குடுக்கிற கரித்துண்டு, அதான் கார்பன் பிரஷ், ரெண்டு பக்கமும் தேஞ்சு துணுக்கா கெடந்துச்சு. மோட்டார் சுத்தச் சுத்த அது உரசி தேயத்தான் செய்யும், தேஞ்சா மாத்திக்கணும், அதுக்குன்னே செஞ்ச சாமான்னாரு. ஆனா அந்த மாடலுக்கு பிரஷ் எங்கயும் கிடைக்கல, வேற மிக்ஸியோடத வாங்கி உப்புத்தாள்ல தேச்சு சைஸ் பண்ணி போட்டுக் குடுத்தாரு. கூலியோட 180 ரூபா. இன்னிக்கும் ஓடுது.

எனக்கு கோவம் வந்ததே அங்கதான். மோட்டாருக்கும் கிரைண்டருக்கும் பேர் போன ஊருங்க எங்க கோயம்புத்தூரு, இங்கயே சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஒரு பிரஷ்ஷை உப்புத்தாள்ல தேச்சு போட வேண்டியிருக்குன்னா மத்த ஊர்ல என்ன பண்ணுவாங்க? 2011ல ஆரம்பிச்சு அரசு வீடு வீடா குடுத்த மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் இப்ப பழுதாகுற வயசு. ஃபேன் மெதுவா சுத்துனா பாதி நேரம் மோட்டாருக்கு ஓட்டம் குடுக்கிற கெபாசிட்டர்ங்கிற சின்ன பாகம்தான் போயிருக்கும், அது தெரியாம ஃபேனையே பழைய இரும்புக்குப் போடுறாங்க. அப்படிப் போற சாமானோட வயரை எங்கயாவது காட்டுல போட்டு எரிச்சு செம்பு எடுக்கிறாங்க, அந்தப் புகையில டையாக்சின்னு பெரிய விஷமே இருக்கு, பக்கத்துல குடியிருக்கிற குழந்தைங்கதான் அதை சுவாசிக்குது.

ரிப்பேர் பண்ற உரிமைக்காக மத்திய அரசு 2022 ஜூலைல குழு போட்டாங்க, அதே வருஷம் டிசம்பர் 24ஆம் தேதி ரிப்பேர் விவரத்துக்குன்னு வெப்சைட்டும் வந்துச்சு. நல்லதுதான். ஆனா வாங்குறவங்க கண்ணுல படணும்ல? பிரான்ஸ்ல 2021லயே வாஷிங் மெஷின், டிவி, லேப்டாப்புக்கெல்லாம் ரிப்பேர் பண்றது எவ்வளவு சுலபம்னு பத்துக்கு இத்தனைன்னு மார்க் போட்டு விலை பக்கத்துலயே ஒட்ட ஆரம்பிச்சாங்க. இங்கயும் மிக்ஸி டப்பா மேல எத்தனை வருஷத்துக்கு ஸ்பேர் கிடைக்கும்னு அச்சடிக்கச் சொல்லணும், சொன்ன வருஷம் வரைக்கும் தெருமுனை மெக்கானிக்குக்கும் சர்வீஸ் சென்டருக்குக் குடுக்கிற அதே விலைக்கு ஸ்பேர் குடுக்கணும்.

அந்த அண்ணனுக்கு அறுபது தாண்டிருச்சு, பையன் டெலிவரி வேலைக்குப் போறான். கடைக்கு போர்டுகூட கெடையாது. உங்க பத்திரிகைல வாரம் ஒரு ஏரியான்னு இந்த மாதிரி ரிப்பேர் கடைங்க எங்க இருக்குன்னு போடுங்க சார், நாங்க வெட்டி எடுத்து ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சுக்குவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோயம்புத்தூர்