நடுத்தர நகரங்களுக்கு மாஸ்டர் பிளான் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எந்த ஊரின் வரைவுத் திட்டம் கையில் கிடைத்தாலும் நான் முதலில் புரட்டுவது மக்கள்தொகை அத்தியாயத்தைத்தான். அடுத்த இருபது வருஷத்துக்கான கோடு அதில் மேல்நோக்கியே போகும். அந்த ஒரு கோட்டை நம்பி, சில பக்கங்கள் தள்ளி, ஊரைச் சுற்றியுள்ள விளைநிலமெல்லாம் வரைபடத்தில் குடியிருப்புக்கான மஞ்சள் நிறத்துக்கு மாறிவிடுகிறது. என் சண்டை அந்த மஞ்சளோடுதான்.

நடுத்தர நகரத்தின் எண்ணிக்கை லேசில் ஆடிவிடும். ஒரு ஆலை வந்தால் ஏறும், போனால் இறங்கும். அமெரிக்காவின் யங்ஸ்டவுனில் 1930-ல் சுமார் 1,70,000 பேர் இருந்தார்கள். 1977 செப்டம்பரில் பெரிய எஃகு ஆலை ஒன்றை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது, அடுத்தடுத்து மற்றவையும் மூடின, 2020-ல் மிஞ்சியது சுமார் 60,000 பேர். பெரிய ஊருக்கென்று போட்ட சாலையும் குழாயும் அப்படியே கிடக்க, அதைப் பராமரிக்க வரி கட்டும் ஆட்கள் மூன்றில் ஒரு பங்குதான். 'இனி நாம் சின்ன ஊர்தான்' என்று ஒப்புக்கொண்டு அவர்கள் திட்டம் வகுத்தது 2005-ல்.

ஜெர்மனியின் லைப்சிக்கும் முதலில் இப்படித்தான் சுருங்கியது, பிறகு நேர் எதிராகத் திரும்பியது. 1989-ல் சுமார் 5,30,000 ஆக இருந்த மக்கள்தொகை 1998-ல் 4,37,000 ஆகக் குறைந்தது. 2000 வாக்கில் 60,000 வீடுகள் அளவுக்குப் பூட்டிக் கிடந்தன. ஊருக்குள் இத்தனை வீடு காலியாக இருக்கும்போதே புறநகர் வயல்களில் வரிச்சலுகையோடு புதுக் குடியிருப்புகளும் கடைவளாகங்களும் எழுந்துகொண்டிருந்தன என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். அப்புறம் மக்கள் திரும்பினார்கள், இன்று அது 6 லட்சத்தைத் தாண்டிய நகரம் (பக்கத்து ஊர்களைச் சேர்த்துக்கொண்டதும் ஒரு காரணம், ஆனால் 2010-க்குப் பிந்தைய வேகம் பெரும்பாலும் குடிவந்தவர்களால்). மக்கள் திரும்பி வந்தார்கள். அந்த வயல்கள் திரும்பவில்லை.

ஒரு வயல் மனையாவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? முதலில் மேல்மண்ணை வழித்தெடுத்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். பிறகு கப்பியைக் கொட்டி உருளையை ஓட்டுவார்கள், வரப்பு இருந்த இடத்தில் எல்லைக்கல் நடுவார்கள், குறுக்கே போகும் வாய்க்காலை ஒரு குழாயை வைத்து மூடிவிடுவார்கள். நாலே நாள் வேலை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண் உருவாக ஆயிரம் வருஷம் வரை ஆகும் என்கிறது ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு. இவ்வளவும் செய்த பிறகு அந்த மனைகளில் பாதி வருஷக்கணக்காக முள்செடி மண்டிக் கிடக்கும், ஏனென்றால் வாங்கியவர்கள் குடியிருக்க வாங்கவில்லை, விலை ஏறட்டும் என்று வாங்கினார்கள். உங்கள் கணக்கிலோ அது 'குடியிருப்பு'.

சரி, ஆட்கள் கூடாவிட்டாலும் வீடு தேவைப்படுமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, இதைத்தான் பல திட்டங்கள் சரியாகப் பார்ப்பதில்லை. ஒரு லட்சம் பேர் வீட்டுக்கு நாலு பேராக இருந்தால் 25,000 வீடு போதும். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய், பெரியவர்கள் தனியாகி, சராசரி இரண்டரைக்கு இறங்கினால் அதே ஒரு லட்சம் பேருக்கு 40,000 வீடு வேண்டும். ஆனால் அந்தக் கூடுதல் 15,000-மும் சின்னக் குடும்பங்கள். நாலு அறை வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கும் மூதாட்டிக்கு மருத்துவமனையும் பேருந்தும் நடக்கிற தூரத்தில் இருக்கும் இரண்டு அறை போதும். ஊர் எல்லைக்கு அப்பால் தனிமனை அவருக்கு எதற்கு?

அதனால் தலையை மட்டும் எண்ணாமல் குடும்பங்களை எண்ணுங்கள், வயதுவாரியாக. ஊருக்குள் காலியாக இருக்கும் மனை, பூட்டிய வீடு, ஓடாத ஆலையின் வளாகம் எல்லாவற்றையும் கணக்கெடுங்கள். அவை நிரம்பும்வரை எல்லையிலுள்ள வயலைத் தொடாதீர்கள். லைப்சிக் ஒரு நல்ல வேலையும் செய்தது: உள்ளூரில் காலியாகக் கிடந்த தனியார் மனைகளை உரிமையாளரோடு ஒப்பந்தம் போட்டுச் சில வருஷங்களுக்குப் பொதுத் தோட்டமாக மாற்றியது, உரிமையும் அவருக்கே, பின்னால் கட்டும் வாய்ப்பும் அவருக்கே.

அடுத்த வரைவை வெளியிடும்போது மக்கள்தொகைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே காலி மனைக் கணக்கையும் அச்சிடுங்கள். அதைப் பார்த்துவிட்டு மஞ்சள் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று நாங்களும் எழுதித் தருகிறோம்.