நந்தி மலை ஒயின் ஆறு புட்டிகள்: சுவைக் கேடு குறித்த புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், பெங்களூரு
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், ஒயின் தயாரிப்பு நிறுவனம், நந்தி மலை வட்டாரம்
பொருள்: 12.4.2025 அன்று உங்கள் தோட்டத்து விற்பனைக் கூடத்தில் வாங்கிய ஆறு புட்டி ஒயின் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். அன்று எனக்குப் பில் போட்டுக் கொடுத்த உங்கள் அலுவலர் தமிழர். குறை ஏதும் இருந்தால் தமிழிலேயே எழுதுங்கள், மேலிடத்துக்கு நான் எடுத்துச் சொல்கிறேன் என்றார். அவர் சொல்லை நம்பியே தமிழில் எழுதுகிறேன்.

உங்கள் ஒயினை நான் 2022 முதல் வாங்கி வருகிறேன். புட்டி 650 ரூபாய்க்குக் கிடைக்கும் உங்கள் ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினைத்தான் வீட்டுக்கு வரும் நண்பர்களுக்கு முதலில் ஊற்றிக் கொடுப்பேன். குளிரவைத்துத் திறந்தால் பழுக்கத் தொடங்கிய கொய்யாவின் வாசமும், எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வரும் மெல்லிய நெடியும் எழும். வாயில் வைத்தால் புளிப்பு முன்னால் நிற்கும், இனிப்பு இருப்பதே தெரியாது. வஞ்சிரம் வறுவலோடு அது சேர்ந்த சேர்க்கையை, அதைவிட மும்மடங்கு விலை கொடுத்து வாங்கிய வெளிநாட்டு ஒயினில்கூட நான் கண்டதில்லை. இதைச் சொல்லக் காரணம், விலை குறைந்த ஒயின் என்பதால் நான் குறை காண வந்தவன் அல்லன் என்பதை நீங்கள் அறிய வேண்டும் என்பதே.

இம்முறை அதே ஷெனின் பிளாங்க் மூன்றும், 720 ரூபாய் விலையுள்ள ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் மூன்றும், ஆக 4,110 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் வெள்ளை ஒயினின் திருகு மூடியைத் திறந்தபோது சோடாப் புட்டியைத் திறந்தது போல் 'உஸ்' என்று காற்று வெளியேறியது. கண்ணாடிக் குவளையின் உட்புறமெங்கும் சிறு குமிழிகள் ஒட்டிக்கொண்டன. ஒயின் அரிசி கழுவிய நீரைப் போல லேசாகக் கலங்கியிருந்தது. குமிழி வரும்படி நீங்கள் செய்த ஒயின் அல்ல இது. சர்க்கரை மிச்சமிருக்கும் ஒயினில் ஈஸ்ட்டும் உயிரோடு தங்கிவிட்டால் அடைத்த புட்டிக்குள்ளேயே மறுபடி நொதித்தல் தொடங்கிவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் முன்பு இனிப்பே தெரியாதிருந்த ஒயினில் இவ்வளவு சர்க்கரை எங்கிருந்து வந்தது என்பதுதான் என் முதல் கேள்வி. இரண்டாவது புட்டியில் குமிழி இல்லை. மாறாக, நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் நெடி மூக்கில் ஏறியது, ஒரு மிடறு விழுங்கியதும் தொண்டையில் வினிகரின் எரிச்சல் நின்றது. காற்றுப் பட்டு, வினிகராக்கும் பாக்டீரியாவின் கையில் சிக்கிய ஒயினுக்குத்தான் இந்த நெடி வரும்.

ஷிராஸின் கதை வேறு. அதே பெயருள்ள அந்தத் திராட்சையில் மிளகு வாசம் வரக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருளே நம் வீட்டு மிளகிலும் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, மட்டன் சுக்காவுக்கு உங்கள் ஷிராஸ் பொருந்துவது போல் வேறெதுவும் பொருந்துவதில்லை என்று நினைத்திருந்தேன். இப்போது திறந்த இரண்டு புட்டிகளிலும் மிளகும் இல்லை, துவர்ப்பும் இல்லை. அடுப்பில் அதிக நேரம் கிடந்த ஜாமின் வாசம் மட்டுமே இருந்தது. வெப்பத்தில் வெந்த ஒயின் அது. வாங்கிய அன்று உங்கள் கூடத்தின் கண்ணாடிக் கதவையொட்டி அட்டைப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்ததையும், மதியம் இரண்டு மணி வெயில் அவற்றின்மேல் நேராக விழுந்ததையும், என் பெட்டி அந்த அடுக்கிலிருந்தே எடுக்கப்பட்டதையும் நான் கண்ணால் பார்த்தேன். அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அது என் தவறு.

இவற்றையெல்லாம் தொலைபேசியில் சொன்னபோது உங்கள் சேவைப் பிரிவிலிருந்து வந்த பதில்தான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது. "இந்த விலைக்கு இப்படித்தான் சார் இருக்கும்" என்றார்கள். பெங்களூரு புளூ திராட்சையில் செய்து, இதைவிடக் குறைந்த விலைக்கு விற்கும் இனிப்பு ஒயின்களையும் நான் குடித்திருக்கிறேன். அவற்றில் திராட்சை மிட்டாயின் வாசம் தூக்கலாக இருக்கும், தித்திப்பு திகட்டும். ஆனால் புட்டியில் எழுதியிருப்பது எதுவோ அதுவே உள்ளேயும் இருக்கும், கெட்டுப்போயிருக்காது. விலை குறைந்தால் சுவையின் அடுக்குகள் குறையலாம், வாயில் நிற்கும் நேரம் குறையலாம், ஓக் மரப் பீப்பாயில் வைத்துப் பக்குவப்படுத்துவது இல்லாமல் போகலாம். இவை எதற்கும் நான் புகார் எழுத மாட்டேன். வினிகர் ஆவதற்கும் விலைக்கும் தொடர்பில்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. பழைய புட்டிகளின் முகப்பில் அறுவடை ஆண்டு இருந்தது. இப்போதைய புட்டிகளில் அதைக் காணவில்லை, தொகுதி எண்ணோ விரல் பட்டாலே அழியும் மையில் அச்சாகியிருக்கிறது. நம் பகுதியில் கொடியை ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்தாலும் ஒயினுக்கான அறுவடை குளிர்காலம் முடியும் தறுவாயில் ஒரே முறைதான். இளமையிலேயே குடித்துவிட வேண்டிய இத்தகைய வெள்ளை ஒயினில் ஆண்டை எடுத்துவிட்டால், கையில் இருப்பது இந்த ஆண்டுச் சரக்கா, மூன்று ஆண்டு தேங்கிய சரக்கா என்று வாங்குபவர் எதைக் கொண்டு அறிவார்?

ஆகவே, ஆறு புட்டிகளின் விலையான 4,110 ரூபாயைத் திருப்பித் தருமாறும், இத்தொகுதியின் ஆவியாகும் அமிலம் (வினிகர் நெடிக்குக் காரணமானது), மிச்சச் சர்க்கரை ஆகியவற்றின் ஆய்வக அளவுகளை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும், அறுவடை ஆண்டை மீண்டும் முகப்பில் அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடிக் கதவருகே உள்ள அந்தப் பெட்டிகளை இன்றே உள்ளே நகர்த்துவதற்கு யாருடைய ஒப்புதலும் தேவைப்படாது என நம்புகிறேன். பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், பின்னர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்திலும் முறையிடுவேன்.

திறக்காத வெள்ளை ஒன்றும் சிவப்பு ஒன்றும் என் குளிர்பதனப் பெட்டியில் அப்படியே இருக்கின்றன. பரிசோதனைக்கு வேண்டுமானால் ஆளனுப்பிப் பெற்றுக்கொள்ளலாம். வெள்ளைப் புட்டியை மட்டும் கொஞ்சம் பார்த்துத் திறக்கச் சொல்லுங்கள்.

இணைப்பு: பில்லின் நகல், தொகுதி எண் தெரியும் நிழற்படங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்