கரைவலை இழுப்போருக்கு ஒரு சிலை: திருகோணமலை உள்ளூராட்சி மன்றத்தினருக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

நமது நகரக் கடற்கரையை அழகுபடுத்தும் பேச்சு வரும்போதெல்லாம் அங்கே யாருடைய சிலையை வைப்பது என்ற கேள்வியும் வருகிறது; கேள்வி வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. இந்நகரில் ஒரு சிலையால் எவ்வளவு கலக்கம் வரக்கூடும் என்பதை புத்தர் சிலை ஒன்று வைக்கப்பட்டுப் பதற்றம் மூண்ட 2005 ஆம் ஆண்டில் இங்கு வாழ்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே, எவருடைய பெயரையும் சுமக்காத ஒரு சிலையை வேண்டி எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் அகதியாகச் சென்னையில் வாழ்ந்த நாட்களில், மெரினா வழியே செல்லும் பேருந்தில் நடத்துநர் “உழைப்பாளர் சிலை எல்லாம் இறங்கு” என்று குரல் கொடுப்பதை நாள்தோறும் கேட்டிருக்கிறேன். நான்கு உழைப்பாளர் கழிகளைக் கொடுத்து ஒரு பெரும்பாறையை நெம்பும் அந்த வெண்கலச் சிற்பம் 1959 இல் திறக்கப்பட்டது. அதை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வங்காளத்தில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக நீண்டகாலம் பணியாற்றியவர். மாதிரிகளைத் தேடி அவர் வெகுதூரம் போகவில்லை: அக்கல்லூரியின் இரவுக் காவலாளியும் ஒரு மாணவருமே அவருக்காக நின்று கொடுத்தனர். 1923 இல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய கடற்கரையில் அச்சிலை நிற்பதும் பொருத்தமானதே.

சிற்பி அதற்கு ஆங்கிலத்தில் ‘உழைப்பின் வெற்றி’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். ஊர் மக்களோ வெற்றியை விட்டுவிட்டு உழைப்பாளரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பேன், ஏனெனில் அங்கே பாறை இன்னும் புரளவில்லை. நரம்பு புடைத்த முதுகுகளும் மண்ணில் ஊன்றிய கால்களுமே கண்ணில் படுகின்றன. அந்த முகங்கள் எந்தத் தலைவருடையவையும் அல்ல என்பதால், அவற்றைத் தம்முடையவை என்று சொல்ல எவருக்கும் தடையில்லை. மே தினத்தில் மாலையிடவும், நண்பரைச் சந்திக்க இடம் குறிக்கவும், வழி கேட்டவருக்கு அடையாளம் சொல்லவும் அதே சிலைதான்.

அந்த முதுகுகளை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு நம் மாவட்டத்து நிலாவெளிக் கரைதான் நினைவுக்கு வந்தது. விடியற்காலையில், கடலில் வளைத்த கரைவலையைக் கரையில் நின்று இழுக்க, இடுப்புப் பட்டியை அதன் கயிற்றில் கொளுவிக்கொண்டு, குதிகால் மணலில் புதைய, உடலைப் பின்னோக்கிச் சாய்த்து, வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டின் அடிக்கு அடி ஓர் எட்டாகப் பின்வாங்கும் மனிதர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வலை இழுக்கும் மாவட்டம் இது. உழவு இயந்திரம் கயிற்றை இழுக்கும் கரைகளும் இப்போது வந்துவிட்டன. இன்னும் சில காலத்தில் அந்தச் சாய்வை நம் பிள்ளைகள் நேரில் காண முடியாமலே போகலாம்.

அவர்களையே நகரக் கடற்கரையில் சிலையாக நிறுத்துங்கள். வேலையை ஏற்கும் சிற்பி, புகைப்படத்தைப் பார்த்து வடிக்காமல், சில விடியல்களையேனும் கரையில் கழிக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். திறந்து வைப்பவரின் பெயர்ப்பலகை சிலையின் பார்வையை மறைக்காதிருக்கட்டும். வலையின் பை போன்ற மடி மீன் நிறைந்திருப்பதைக் காட்ட வேண்டும் என்று சிலர் விரும்பக்கூடும், அது வேண்டாம். மடி இன்னும் கடலுக்குள் இருக்க, கயிறு விறைத்து நிற்கும் அந்தக் கணத்தையே வடிக்கச் சொல்லுங்கள்.

பணிவுடன்,
திருகோணமலை வாசி ஒருவர்